சாயக் கழிவுநீருக்குச் சாம்பலும் செஞ்சேறும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அனல்மின் நிலையச் சாம்பல், பாக்சைட்டில் அலுமினா எடுத்தபின் மிஞ்சும் செஞ்சேறு போன்ற கனிமக் கழிவுகளால் சாயக் கழிவுநீரின் நிறத்தை நீக்க முடியும். வரவேற்க வேண்டிய வழிதான். ஆனால் இது பற்றிய செய்திகளில் வரும் ‘90 சதவீதம் நிறம் போனது’ என்ற ஒரு எண்ணை மட்டும் நம்பித் தொட்டி கட்டிவிடக் கூடாது. எந்தச் சாயம், நீரின் பி.எச். (அமில, கார அளவு) என்ன, லிட்டருக்கு எத்தனை கிராம் தூள் என்பதையும் கேட்டு வெளியிடுங்கள்.

சோதனைகளில் அதிகம் பயன்படுவது மெத்திலீன் நீலம். அது நேர்மின்னேற்றமுள்ள சாயம். எதிர்மின்னேற்றமுள்ள சாம்பலில் எளிதில் ஒட்டும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயமோ எதிர்மின்னேற்ற வகை. சாம்பலில் சரியாக ஒட்டாது. செஞ்சேற்றின் இரும்பு ஆக்சைடு அதைப் பிடிக்கும், நீரின் பி.எச். ஏறத்தாழ 8-க்குக் கீழே இருந்தால். செஞ்சேற்றின் பி.எச். 10 முதல் 13 வரை. கழுவாமலும் அமிலத்தால் சமன் செய்யாமலும் கொட்டினால் நீரின் காரம் ஏறும், சாயம் நீரிலேயே தங்கும்.

ஆலையின் கழிவுநீரையே நான்கு குடுவைகளில் லிட்டர் வீதம் எடுத்து 1, 2, 5, 10 கிராம் தூள் போட்டுக் கலக்குங்கள். 15, 30, 60, 120 நிமிடங்களில் மாதிரி எடுங்கள். தூளைப் பிரிக்க வடிதாளில் வடித்தால், தாளே சாயத்தை உறிஞ்சிப் பொய்க் கணக்குக் காட்டலாம். மையவிலக்கியில் சுழற்றித் தெளிந்த நீரை அளப்பது நல்லது. செஞ்சேற்றின் நுண்துகள் மிதந்தால் நிறம் போனாலும் நிறத்தை அளக்கும் கருவி கூடுதலாகக் காட்டும்.

பலர் விட்டுவிடுவது ஐந்தாவது குடுவை: சாயமில்லாத காய்ச்சி வடித்த நீர், அதே தூள், அதே பி.எச்., அதே நேரம். அந்த நீரில் ஆர்செனிக், குரோமியம், வெனேடியம் பாருங்கள். அமிலம் கூடினால் பல உலோகங்கள் கரையும்; காரத்திலோ ஆர்செனிக், வெனேடியம் போன்றவை வெளிவரலாம். சாயம் நன்றாக ஒட்டும் பி.எச்.சில் உலோகம் வரம்பு மீறினால், அந்தத் தூள் உதவாது. கரைந்த உப்பும் அப்படியே இருக்கும், டி.டி.எஸ். (நீரில் கரைந்த திடப்பொருளின் மொத்த அளவு) குறையாது.

கடைசியில், சாயத்தைப் பிடித்து அடியில் தங்கும் தூள் சேறு. நாளுக்கு 1,000 கன மீட்டர் நீருக்கு லிட்டருக்கு 5 கிராம் என்றால் 5 டன் தூள். 60 சதவீத ஈரத்தோடு 12.5 டன் சேறு. செங்கலில் கலந்து சுட்டால் சாயம் எரியும், உலோகம் எரியாது. சுட்ட கல்லையும் நீரில் ஊறவைத்துச் சோதித்த பிறகே விற்க வேண்டும்.

இப்படிக்கு,
கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் துறை வாசகர்கள்