பாடகர் குழுப் பையனைப் பற்றி

மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

இயேசுவுக்கே புகழ். உங்கள் கடிதம் கிடைத்தது. பேரப்பிள்ளைகள் நலம் என்பதறிந்து மகிழ்ச்சி. இங்கு நாங்களும் நலமே. பாடகர் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன் காதில் கடுக்கனும் சாயம் பூசிய முடியுமாக வருவதால், அவனைப் பீடத்துக்கருகே நிறுத்தலாமா என்று பங்குப் பேரவையில் பேச்சு எழுந்ததாகவும், உங்களுக்கும் அவனைப் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனம் கேட்கவில்லை.

எங்கள் பங்கில் ஞாயிறு முதல் பூசைக்கு ஒருவர் வருவார். கண்கள் சிவந்திருக்கும்; கடைசிப் பெஞ்சில் அமர்ந்து, மறையுரை தொடங்கியதும் தூண்மேல் சாய்ந்துவிடுவார். குடித்துவிட்டு வருகிறார் என்று பலரும் முடிவு கட்டியிருந்தார்கள். கீழமாரட் வீதி வெங்காய மண்டியில் விடிய விடிய மூட்டை இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் பூசை தவறிவிடும் என்று நேரே கோயிலுக்கு வருகிறவர் அவர் என்பது, பங்குத்தந்தை நின்று விசாரித்த பிறகே தெரிந்தது. தோளில் சாக்கு உரசிக் காய்த்துப்போன தழும்பும் சட்டை மடிப்பில் ஒட்டிய வெங்காயச் சருகும் அத்தனை நாளும் எல்லோர் கண்ணெதிரில்தான் இருந்தன.

மதுரைக்கு இது புதிதல்ல. 1606-இல் இங்கு வந்த தத்துவ போதகர் என்றழைக்கப்பட்ட இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி காவியுடுத்து, பாதக்குறடு அணிந்து, மரக்கறி உண்டு வாழ்ந்ததைக் குற்றமென்று மேலிடத்துக்கு எழுதியவர், அதே மதுரையில் பணியாற்றிய சக இயேசு சபைத் துறவி கொன்சாலோ பெர்னாண்டஸ். புதுக் கிறிஸ்தவர்களின் குடுமியும் பூணூலும் சந்தனமும் விசுவாசத்துக்கு விரோதமா என்ற வழக்கு கோவா, ரோமை என்று இழுபட்டு, 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அனுமதி தந்த பிறகே தெளிவு பிறந்தது. உடையால் அவ்வளவு பழி சுமந்த நோபிலியும், பிறப்பால் ஒதுக்கப்பட்டவர்களிடமிருந்து விலகியே நின்றார் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

தீமையைக் கண்டும் வாய்மூடி இருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோயில் பணத்தில் ஒருவர் கைவைத்தால் கேட்கத்தான் வேண்டும்; அது செயல். கடுக்கன் அப்படிப்பட்டதல்ல. இறைவாக்கினர் சாமுவேலே, ஈசாயின் மூத்த மகன் எலியாபின் உயரத்தைக் கண்டு இவர்தான் அரசர் என்று எண்ணிவிட்டார். கடவுள் தேர்ந்ததோ கடைசித் தம்பி தாவீதை; ஆடு மேய்க்கப் போயிருந்த அவரை அழைத்துவர ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. சாமுவேலுக்கே அப்படியென்றால், நாம் எவ்வளவு தயங்க வேண்டும்!

பேரவை மறுபடி கூடுமுன் ஒரு மாலை அந்தப் பையனின் வீட்டுக்குப் போய் வாருங்கள். என்ன வேலை பார்க்கிறான், யாரிடம் பாட்டுக் கற்றான், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்