சக்குக்குக் கீழே ஒரு பலகை

அன்புள்ள மாமாவுக்கு,

போன ஞாயிறு போனில் "அந்தப் பழைய இரும்பை வெச்சு என்ன பண்ணப் போறே கண்ணு?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது. இங்கே நண்பர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

வாங்கியது சவுத் பெண்ட் லேத், அதாவது இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் எந்திரம். 9 அங்குலம் (அதில் சுழற்றக்கூடிய பொருளின் விட்டம்), மாடல் ஏ. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஓ'பிரையன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1906-ல் அங்கே ஆரம்பித்த கம்பெனி. 1975-ல் தொழிலாளர்களே அதை வாங்கிக்கொண்டார்கள். 1980-ல் தங்களுக்கே சொந்தமான கம்பெனியை எதிர்த்து ஸ்டிரைக்கும் செய்தார்கள். கோயம்புத்தூர்க்காரரான உங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. உங்கள் ஆறடி லேத்துக்கு முன்னால் இது பொம்மை மாதிரிதான் நிற்கும். ஆனாலும் 200 கிலோவுக்கு மேல். கராஜில் இறக்குவதற்குள் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு வழியாகிவிட்டோம்.

முதலில் பெயிண்டை எடுத்தேன். மேலே நீலம், அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் சாம்பல். அந்தக் காலத்து பெயிண்டில் ஈயம் இருக்கும். உப்புத்தாள் போட்டால் தூள் நெஞ்சுக்குள் போகும் என்று ரிமூவர் தடவி, ஊறவைத்து, வழித்து எடுத்தேன். பெட்டின், அதாவது எல்லாவற்றையும் தாங்கும் நீளமான அடிப்பாகத்தின், முன்பக்கம் வழிக்கும்போது ஸ்கிரேப்பர் எதிலோ தட்டியது. சின்னத் தகடு. போர் உற்பத்தி வாரியத்தின் உத்தரவுப்படி இந்த எந்திரம் செய்யப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது.

அந்த வாரியத்தை அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1942 ஜனவரியில் அமைத்தார். எஃகு யாருக்கு, எந்திரம் யாருக்கு என்றெல்லாம் அது சொன்னபடிதான் நடந்தது. போருக்கு வேண்டியவர்களுக்கு முதலில், மற்றவர்களுக்கு அப்புறம். 1942-ல் மட்டும் 130 கோடி டாலருக்கு மேல் எந்திரக் கருவிகள் செய்தும் போதவில்லை. சவுத் பெண்ட் ஊரிலேயே, கார் செய்துகொண்டிருந்த ஸ்டூடிபேக்கர் கம்பெனி பி-17 குண்டுவீச்சு விமானத்துக்கு எஞ்சின் செய்தது.

தகட்டைப் பார்த்ததும் என் கற்பனை ஓட ஆரம்பித்தது. ராணுவம் ஜிஎம்சி லாரிக்குள் லேத் பொருத்தி, பட்டறையையே போர்முனைக்குக் கொண்டுபோயிருக்கிறது. கடற்படைக்கோ பழுதுபார்க்கவென்றே தனிக் கப்பல்கள் இருந்தன. என்னுடையது பசிபிக் கடலில் ஆடியபடி ஷாஃப்ட் கடைந்திருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன். மனைவியிடமும் சொல்லிவிட்டேன்.

சரி, ஸ்பிண்டிலுக்கு வருகிறேன், அதாவது கடையும் பொருளைச் சுழற்றும் தண்டுக்கு. உங்களுக்கு இதுதான் பிடிக்கும். இந்த மாடலில் பால் பேரிங்கே கிடையாது மாமா. எஃகு ஸ்பிண்டில் நேராக வார்ப்பிரும்பிலேயே சுற்றுகிறது. நடுவில் இருப்பது எண்ணெய்ப் படலம் மட்டும். ஸ்பிண்டிலுக்கு அடியில் குழிக்குள் ஒரு ஸ்பிரிங், அதன்மேல் கம்பளித் திரி. அது எண்ணெயை உறிஞ்சி ஸ்பிண்டிலில் தடவிக்கொண்டே இருக்கும். எனக்கு வந்ததில் திரி காய்ந்த வேப்பம்பட்டை மாதிரி இருந்தது. புதுத் திரி போட்டு ஸ்பிண்டிலைத் திரும்ப நுழைக்கும்போது, எண்ணெய்த் துளை வழியாகக் கம்பி விட்டுத் திரியைக் கீழே அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். முதல் தடவை கம்பி விட மறந்தேன். ஸ்பிண்டில் விளிம்பு திரியைக் கத்தி மாதிரி சீவிவிட்டது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். கடைசியில் அளவு காட்டும் டயல் வைத்து ஸ்பிண்டிலை நெம்பிப் பார்த்தால், ஆட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பாகம்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு!

அப்புறம் சீரியல் நம்பர். டெயில்ஸ்டாக் பக்கம் (ஸ்பிண்டிலுக்கு எதிர்முனை), பெட்டின் மேலேயே குத்தியிருப்பார்கள். ஒவ்வொரு லேத்துக்கும் ஓர் அட்டை போட்டு, எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பினோம் என்று அந்தக் கம்பெனியில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2009-ல் சவுத் பெண்ட் பெயரை வாங்கிய கிரிஸ்லி கம்பெனிக்கு அந்த அட்டைகளும் போய்ச் சேர்ந்தன. பணம் கட்டி நகல் வாங்கினேன்.

1943. வாங்கியவர்: ஒஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊரின் தொழிற்பள்ளி.

சப்பென்று போய்விட்டது. போர்க்கப்பலும் இல்லை, லாரியும் இல்லை. மனைவி இரண்டு நாள் சிரித்தாள்.

அன்று ராத்திரி சும்மா பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பிண்டில் இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கத்தில் வரிசையாகப் பள்ளங்கள் இருப்பது தெரியும். யாரோ கவனமில்லாதவன் கையில் இருந்திருக்கிறது என்று நினைத்து விட்டிருந்தேன். இப்போது விரலால் தடவினேன். எல்லாம் சக், அதாவது ஸ்பிண்டில் முனையில் பொருளைக் கவ்விப் பிடிக்கும் கனமான இரும்பு, கழற்றும்போது விழும் இடத்திலேயே. வெட்டும் உளியைத் தாங்கி நகரும் காம்பவுண்ட் ஸ்லைடின் மூலையைப் பார்த்தேன். பிறை பிறையாகக் கடி. ஓடுகிற சக்கின் தாடைக்குள் ஸ்லைடைக் கொண்டுபோய் விட்டால் வருமே, அதே கடி.

உங்கள் பட்டறையில் நான் சேர்ந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? பெட் மேல் பலகை வைக்காமல் சக்கைக் கழற்றினேன். "டங்" என்று விழுந்தது. நீங்கள் திட்டவில்லை, தலையில் ஒரு குட்டு, அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அந்தப் புளியமரப் பலகையை எடுத்து வைப்பதே என் முதல் வேலை.

அமெரிக்க அரசு 1940-லேயே இந்த மாதிரிப் பள்ளிகளுக்குப் பணம் கொடுத்து, லட்சக்கணக்கானவர்களைச் சில வார, சில மாதப் பயிற்சியோடு தொழிற்சாலைக்கு அனுப்பியது. பல ஊர்களில் பள்ளி ராத்திரி ஷிப்டிலும் ஓடியிருக்கிறது. லேத்தையே பார்த்திராத கடைச் சிப்பந்திகளும் வீட்டுப் பெண்களும் வந்து நின்றிருக்கிறார்கள். பள்ளங்களை எண்ணினேன், பதினொன்று. பதினொரு பேருக்குக் குட்டு விழுந்திருக்க வேண்டும். அந்த மூலையை வெல்டிங் வைத்து நிரப்பி ஃபைல் போடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். இப்போது அப்படியே விட்டுவிட்டேன். பெட்டிலும் பிசிரை மட்டும் எண்ணெய்க்கல்லால் எடுத்தேன்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. உளியைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியைக் கால் சுற்று சுற்றினால்தான் ஸ்லைடு நகரவே ஆரம்பிக்கிறது. நட்டு தேய்ந்திருக்கிறது, ஸ்க்ரூவும் நடுவில் கொஞ்சம் மெலிந்த மாதிரி தெரிகிறது. பித்தளையில் புது நட்டு மட்டும் கடைந்து போட்டால் போதுமா, இல்லை ஸ்க்ரூவையும் மாற்ற வேண்டுமா? போட்டோ அனுப்பியிருக்கிறேன். பார்த்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பலகை வைத்துத்தான் சக்கைக் கழற்றுகிறேன்.

உங்கள் கண்ணு