ஒரே எண்ணில் இரண்டு ஊர்கள்: பழைய பாடல் வானொலி பற்றி நண்பனுக்கு

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கலிபோர்னியாவின் ரிவர்சைடில் வீடு அமைந்துவிட்டதையும், பேரன் உன்னோடு காலை நடைக்கு வரத் தொடங்கியிருப்பதையும் படித்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கே எல்லோரும் நலம். எனக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. கார் ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் என் கை முதலில் எங்கே போயிருக்கும் என்று உனக்குத் தெரியும்.

நீ எழுதியிருந்த ஒரு செய்தி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. நியூ யார்க்கின் டபிள்யூ.சி.பி.எஸ். பண்பலையும் லாஸ் ஏஞ்சலஸின் கே-எர்த்தும் ஒரே 101.1-இல் ஒலிப்பதால், நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் குடிபெயர்ந்தும் வானொலியின் எண்ணை மாற்ற வேண்டியிருக்கவில்லை என்றும், பாடல்களும் ஏறக்குறைய அவையே என்றும், பழைய பாடல் கேட்பவனுக்கு எந்த ஊரானால் என்ன என்றும் எழுதியிருந்தாய். முதல் இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதை ஏற்க என் மனம் இடம் தரவில்லை. அதைப் பற்றி எழுதத்தான் இக்கடிதம்.

அந்த இரண்டு நிலையங்களும் ஏன் ஒன்றுபோல ஒலிக்கின்றன என்பதற்குக் காரணம் உண்டு. டபிள்யூ.சி.பி.எஸ். 1972 ஜூலையில் பழைய பாடல்களுக்கு மாறியது; கே-எர்த் என்ற பெயரும் அதே 1972-இல் பிறந்ததுதான். நாம் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ‘ஓல்டீஸ்’ என்றால் ஐம்பதுகளின் பிற்பகுதியும் அறுபதுகளும்தான். இன்று அந்தச் சொல்லையே பெரிய நிலையங்கள் கைவிட்டுவிட்டு ‘கிளாசிக் ஹிட்ஸ்’ என்று சொல்லிக்கொள்கின்றன. ஒலிப்பவை பெரும்பாலும் எண்பதுகளின் பாடல்கள். விளம்பரம் கொடுப்பவர்கள் 25 முதல் 54 வயதுக்குள் இருக்கும் நேயர்களுக்குத்தான் நல்ல விலை தருகிறார்கள். இன்று 54 வயதை எட்டுகிறவர் எழுபதுகளின் தொடக்கத்தில் பிறந்தவர். அவர் பள்ளியில் படித்த காலம் எண்பதுகள். 1964-இல் பதினைந்து வயதுப் பெண்ணாக இருந்து வானொலியின் அருகே அமர்ந்து அழுதவருக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. அவர் இன்னமும் வானொலியை விடாமல் கேட்கிறார் என்றாலும் விளம்பரக் கணக்கில் அவர் இல்லை.

பாடல்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இதற்குத் துணைபோனது. ஒரு கூடத்தில் நேயர்களை உட்கார வைத்து, ஒவ்வொரு பாடலிலிருந்தும் பத்து விநாடிக்கு மேற்படாத ஒரு துண்டை ஒலிக்கச் செய்து, பிடித்திருக்கிறதா என்று மதிப்பெண் வாங்குவார்கள். பத்து விநாடியில் அடையாளம் தெரியாத பாடல் அங்கேயே உதிர்ந்துவிடும். பிறகு 2007-இல் தொடங்கி, நேயர்கள் தாங்கள் கேட்டதை நாட்குறிப்பில் எழுதித் தரும் பழைய முறை பெரிய நகரங்களில் போய், இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறு கருவி வந்தது. காதுக்குத் தெரியாமல் ஒலிபரப்பில் கலந்திருக்கும் ஒரு குறியீட்டை அது கேட்டுப் பதிந்துகொள்கிறது. நாட்குறிப்பில் மனிதர்கள் தாம் நேசிக்கும் நிலையத்தை எழுதினார்கள். கருவியோ காதில் விழுந்ததை மட்டும் கணக்கெடுக்கிறது. அறிமுகமில்லாத ஒரு பாடல் வந்ததும் யாராவது நிலையத்தை மாற்றினால் அதுவும் கணக்கில் தெரிந்துவிடும். அதனால் எவருக்கும் அந்நியமாகப் படாத சில நூறு பாடல்கள் மட்டும் மிஞ்சின. அந்தச் சில நூறும் எந்தப் பெருநகரத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்ற வரம்பை நீக்கிவிட்டதால், பல ஊர்களின் பாடல் பட்டியலை ஓர் அலுவலகமே முடிவுசெய்வதும் எளிதாயிற்று.

2005 ஜூன் 3 உனக்கு மறந்திருக்காது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, நியூ யார்க்கின் 101.1-இல் பழைய பாடல்களும் அறிவிப்பாளர்களும் ஒருசேர நிறுத்தப்பட்டு, பேச்சே இல்லாத ‘ஜாக்’ என்ற நிகழ்ச்சிமுறை தொடங்கியது. அதே நாளில் சிகாகோவின் 104.3-லும் இதே மாற்றம் நடந்தது. நியூ யார்க் நேயர்கள் கொதித்தார்கள். இரண்டு ஆண்டுகளும் ஒரு மாதமும் கழித்து, 2007 ஜூலை 12 அன்று, பழைய நிலையம் திரும்பி வந்தது. அந்த நாளில் நீயும் நானும் தொலைபேசியில் பேசிக்கொண்டே ஒரே பாடலை இரண்டு வீடுகளிலும் கேட்டோம். ஆனால் திரும்பி வந்தது பழைய ‘ஓல்டீஸ்’ அல்ல என்பதையும் அன்றே கவனித்தோம். 1982 முதல் அங்கே பேசிக்கொண்டிருந்த ‘கசின் புரூசி’ என்ற புரூஸ் மாரோ அதற்குள் செயற்கைக்கோள் வானொலிக்குப் போய்விட்டிருந்தார். 2020-இல் அவர் மத்திய அலை 770-க்கு, அதாவது அறுபதுகளில் தாம் புகழ்பெற்ற டபிள்யூ.ஏ.பி.சி.க்கே, சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியோடு திரும்பினார்.

இப்போது என் மறுப்புக்கு வருகிறேன். ஒரு நகரத்தின் பழைய பாடல் எது என்பதை அந்த நகரத்தின் மிகப் பெரிய நிலையத்தைக் கேட்டு முடிவுசெய்யக்கூடாது. அது சனி இரவிலும், மத்திய அலையிலும், சிறு நிலையங்களிலும், ஒரு தனி மனிதரின் குரலிலும் ஒதுங்கி வாழ்கிறது. அப்படித் தேடிக் கேட்டால் ஊருக்கு ஊர் ‘பழையது’ என்ற சொல்லின் பொருளே மாறிவிடுகிறது.

பிட்ஸ்பர்கை எடுத்துக்கொள். அங்கே 1948-இல் போர்க்கி செட்விக் என்ற அறிவிப்பாளர், மற்றவர்கள் ஒதுக்கிவைத்த கறுப்பினப் பாடகர்களின் இசைத்தட்டுகளைத் தேடி எடுத்துத் தூசி தட்டி ஒலிக்கவிட்டார். ‘தூசி படிந்த தட்டுகள்’ என்றே அவற்றுக்குப் பெயர் வைத்தார். தேசிய அளவில் எவரும் அறியாத பாடல்கள் அந்த ஒரு நகரத்தில் மட்டும் தலைமுறைப் பாடல்களாகிவிட்டன. சிகாகோவின் கறுப்பினக் குடும்பங்களும் பழைய பாடல்களைத் தூசி என்ற சொல்லால்தான் குறிக்கிறார்கள். அங்கே ஹெர்ப் கென்ட் என்ற அறிவிப்பாளர் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வானொலியில் பேசினார். 2016 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை நிகழ்ச்சியை நடத்திவிட்டு அன்றே காலமானார். பிலடெல்பியாவில் ஜெரி பிளாவட் 2023-இல் மறையும்வரை, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நிலையத்தில் சனி இரவுகளில் தம் விருப்பப்படி தட்டுகளை ஒலிக்கவிட்டார். கூடத்தில் மதிப்பெண் வாங்கிய பட்டியல் எதுவும் அவர் முன்னால் இருந்ததில்லை. நம் வீட்டிலிருந்து அதைப் பிடிப்பதற்காக நீ மாடியில் கம்பி கட்டிய நாள் நினைவுக்கு வருகிறது.

சிகாகோவில் இன்னொரு விந்தையும் உண்டு. அங்கே 87.7-இல் ஒலிக்கும் மீடிவி எப்.எம். சட்டப்படி ஒரு வானொலி நிலையமே அல்ல. குறைந்த சக்தி கொண்ட 6-ஆம் எண் தொலைக்காட்சி அலைவரிசையின் ஒலிப்பகுதி, வானொலி எண்களின் அடிவிளிம்பில் கேட்கிறது. 2015-இல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு, பெரிய நிலையங்கள் தொடாத மென்மையான பாடல்களை எடுத்துக்கொண்டது. மற்ற பட்டியல்கள் எவ்வளவு சுருங்கிவிட்டன என்பதை அதில் ஒரு மணி நேரம் கேட்டாலே உணரலாம்.

எல்லாவற்றையும்விட என்னை நெகிழ வைத்தது கரோலினாக் கடற்கரை. சென்ற ஆண்டு மகளைப் பார்க்க வட கரோலினாவின் ராலி நகருக்குப் போனபோது, மருமகன் எங்களைத் தென் கரோலினாவின் நார்த் மிர்ட்டில் பீச்சுக்கு அழைத்துப் போனார். கடலை நெருங்க நெருங்க, அதுவரை எல்லா ஊரிலும் கேட்ட அதே எண்பதுகளின் பாடல்கள் மங்கி, 94.9-இல் ‘தி சர்ஃப்’ என்ற நிலையம் தெளிவாகியது. அது ஒலிக்கவிடுவதை ‘பீச் மியூசிக்’ என்கிறார்கள். ஆனால் அதில் அலைச்சறுக்கு விளையாட்டைப் பற்றிய கலிபோர்னியாப் பாடல்களுக்கு இடமில்லை. நாற்பதுகளிலிருந்து அறுபதுகள்வரை கறுப்பினக் கலைஞர்கள் பாடிய ரிதம் அண்ட் புளூஸ் பாடல்கள்தாம் அதற்கு அடிப்படை. நிறவேற்றுமைச் சட்டங்கள் இருந்த நாட்களில், உள்ளூர் வானொலியில் கேட்கக் கிடைக்காத அந்தப் பாடல்களை வெள்ளை இளைஞர்கள் கடற்கரைக் கூடங்களில் கேட்டார்கள். அவற்றுக்கு ஆடிய ஆட்டம் ‘ஷாக்’ (shag). 1984-இல் தென் கரோலினா அதைத் தன் மாநில நடனமாக அறிவித்தது. 2001-இல் பீச் மியூசிக்கை மாநில வெகுஜன இசையாகவும் அறிவித்தது.

அன்று மாலை ஒரு நடனக் கூடத்தில் எங்கள் மேசைக்கு எதிரே எழுபது வயதைக் கடந்த ஒரு தம்பதி ஆடினார்கள். தோளுக்கு மேலே அசைவே இல்லை. ஒருவர் கையை ஒருவர் தளர்வாகப் பிடித்தபடி, கால்கள் மட்டும் தரையை விட்டு எழாமல் வழுக்கிக்கொண்டு போயின. பெரியவர் ஆடி முடித்து உட்கார்ந்ததும் காலணியைக் கழற்றி அதன் அடியைக் கைக்குட்டையால் துடைத்தார். வழுவழுப்பான தோல் அடி, ரப்பர் கிடையாது. ரப்பர் தரையைப் பிடித்துக்கொள்ளும், தோல்தான் நழுவும் என்று மருமகனிடம் அவரே விளக்கினார். அந்த நிலையம் பழைய பாடல்களுக்கு நடுவே இந்த ஆட்டத்துக்கென்றே இப்போது பதிவான புதிய பாடல்களையும் ஒலிக்கவிடுகிறது, அவற்றை எவரும் வேற்றாளாகப் பார்ப்பதில்லை. எந்த ஆண்டில் பதிவானது என்ற கேள்வியே அங்கே எழவில்லை. அந்தக் காலடிக்குப் பொருந்தினால் அது அவ்வூரின் பாடல். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு முன்பு அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

நீ இப்போது வாழும் பகுதிக்கு வருவோம். ‘ஓல்டீஸ் பட் குட்டீஸ்’ என்ற சொற்றொடரையே நாடறியச் செய்த அறிவிப்பாளர் ஆர்ட் லபோ உன் பகுதியில் வாழ்ந்தவர். ஐம்பதுகளில் அவர் லாஸ் ஏஞ்சலஸின் ஒரு டிரைவ்-இன் உணவகத்திலிருந்து நேரடியாக ஒலிபரப்பினார். கார்களில் வந்த இளைஞர்கள் கேட்டதெல்லாம் சில ஆண்டுகள் முந்திய பாடல்களாக இருப்பதைக் கவனித்து, 1959-இல் அவற்றைத் தொகுத்துத் தட்டாக வெளியிட்டார். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் நடன நிகழ்ச்சிகளுக்கு நகர எல்லைக்குள் கட்டுப்பாடு இருந்ததால், எல்லைக்கு வெளியே எல் மான்டேயில் நடத்தினார். மெக்சிக வம்சாவளியினரும் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடினார்கள். பின்னாளில் அவருடைய இரவு நிகழ்ச்சி முழுக்க முழுக்க அர்ப்பணிப்புகளால் ஆனது. சிறையில் இருக்கும் கணவனுக்கு மனைவியும், மகனுக்குத் தாயும் தொலைபேசியில் வந்து பெயர் சொல்லிப் பாடல் கேட்டார்கள். அவர் எவரையும் குறைத்துப் பேசாமல், அவசரப்படுத்தாமல் அந்தச் செய்தியைக் காற்றில் அனுப்பினார். 2022 அக்டோபரில், 97-ஆம் வயதில், உன் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பாம் ஸ்பிரிங்ஸில் காலமானார்.

அவர் நிகழ்ச்சியை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு நம் சிறுவயதுதான் நினைவுக்கு வந்தது. இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் ஊர்ப் பெயரும் ஆட்பெயருமாக அடுக்கிக்கொண்டே போக, நம் தெருவின் பெயர் வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோமே, அதே காத்திருப்பைத்தான் அந்தத் தாய்மார்களின் குரலில் கேட்டேன். பாடல் நியூ யார்க்கில் ஒலிக்கும் பாடலாகவே இருக்கலாம். அதை யார் யாருக்காகக் கேட்கிறார்கள் என்பதை அந்த ஊர்தான் முடிவுசெய்கிறது.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் பண்பலையோ மத்திய அலையோ ஒரு பாடலை ஒலிக்கவிடும்போது அதை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பணம் போகிறது; பாடியவருக்கு ஒன்றும் கிடையாது. இணையத்தில் ஒலித்தால் பாடகருக்கும் பங்கு உண்டு. அரை நூற்றாண்டாக இந்தக் குரல்களால் வாழ்ந்த வானொலி, அந்தக் குரலுக்குரியவருக்கு ஒரு சென்ட் கூடத் தராதது எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

ஆகவே 101.1-ஐ மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே என்று கேட்டுக்கொள்கிறேன். உன் பேரன் தூங்கிய பிறகு ஞாயிறு இரவு காரில் போய் உட்கார்ந்து, எண்ணை மெதுவாகத் திருப்பிப் பார். ஆர்ட் லபோ பேசிய நேரத்தில் இப்போது யார் பேசுகிறார், நேயர்கள் இன்னும் தொலைபேசியில் வருகிறார்களா, எந்த ஊர்களின் பெயர்கள் காதில் விழுகின்றன என்று ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்பு. நான் இங்கே சனி இரவு 770-ஐக் கேட்டுக் குறித்து வைக்கிறேன். மழை இரவாக இருந்தால் இடி முழக்கத்தின் கரகரப்பும் கூடவே வரும், அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உன் மனைவிக்கு எங்கள் அன்பைத் தெரிவி. உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

உன் அன்பு நண்பன்.