கொலுசு கறுத்தால் முதலில் டப்பாவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலம் சிவதாபுரத்தில் எங்கள் வீட்டு முன்கட்டுதான் பட்டறை. அப்பா காலத்திலிருந்து கொலுசு வேலை, நானும் 22 வருடமாகப் பற்றவைக்கும் பொடி வைத்து ஊதிக்கொண்டிருக்கிறேன். போன தீபாவளி முடிந்த கையோடு வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து 14 ஜோடிக் கொலுசு திரும்பி வந்தது. "டச் குறைவு, எல்லாம் கறுத்துப் போச்சு, பணத்தைக் கழிச்சுக்கறோம்" என்று போனில் ஒரே பேச்சு, அப்புறம் எடுக்கவே இல்லை. டச் என்றால் வெள்ளியின் சுத்தம்.

பார்சலைப் பிரித்தோம். ஒவ்வொரு ஜோடியையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ரோஸ் தாளில் சுருட்டி, ஸ்பாஞ்சு ஒட்டிய அட்டை டப்பாவில் வைத்திருந்தார்கள். ரப்பர் பேண்டு இருந்த இடத்தில் பேனாவால் இழுத்த மாதிரி ஒரு கரிக்கோடு. கோட்டை விட்டுத் தள்ளித் தள்ளிப் போனால் ஊதா, பிறகு பழுப்பு, கடைசியில் வெளிறிய மஞ்சள். ரப்பரிலிருந்து எட்ட இருந்த திருகாணிப் பக்கம் நாங்கள் மெருகு போட்டு அனுப்பிய அன்று இருந்ததுபோலவே வெள்ளையாக இருந்தது. ஒரே உருக்கில், ஒரே கம்பியில் செய்த கொலுசு அது. டச் குறைவு என்றால் இந்தப் பக்கம் மட்டும் எப்படிக் குறையும்?

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். காற்றில் கந்தக வாயு நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் இருந்தாலே போதும், வெள்ளியின் மேல் வெள்ளி சல்ஃபைடு என்ற படலம் மெல்ல மெல்லப் படியும், ஈரப்பதம் இருந்தால் இன்னும் வேகமாக. படலம் மெல்லியதாக இருக்கும்போது மஞ்சள், தடித்தால் பழுப்பும் ஊதாவும், அதன் பிறகுதான் கறுப்பு. டச் குறைந்தால், அதாவது செம்பு கூடினால், சீக்கிரம் கறுக்கும் என்பது நிஜம்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் சுத்த வெள்ளியும் கறுக்கும். கறுத்ததைப் பார்த்த உடனே கலப்படம் என்று சொல்லி ஒரு தொழிலாளியின் இரண்டு மாதக் கூலியைப் பிடிப்பது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

ரப்பரைக் கெட்டிப்படுத்தவே கந்தகம் சேர்க்கிறார்கள். கம்பளித் துணி, சில சாயங்கள், சில பசைகள், மட்டமான அட்டை இவற்றிலிருந்தும் கந்தக வாயு கசியும். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரூ ஆடி என்பவர் 1973இலேயே இதற்கு ஒரு சோதனை எழுதி வைத்துவிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் விரிக்கப்போகும் துணியிலோ பலகையிலோ கொஞ்சம் வெட்டி, ஒரு சொட்டுத் தண்ணீரோடு மூடிய கண்ணாடிக் குழாய்க்குள் போடுவார்கள். கூடவே மெருகிட்ட வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகள். 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தால், வெள்ளி கறுத்திருந்தால் அந்தத் துணியில் கந்தகம் இருக்கிறது, அதை வெள்ளிப் பொருள் பக்கத்தில் வைக்கக் கூடாது. அவ்வளவுதான் சோதனை. இன்றைக்கும் உலகத்தில் பல அருங்காட்சியகங்கள் இதைத்தான் செய்கின்றன.

இதைப் படித்த பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. பங்குனி கடைசியில் ஐந்து ஹார்லிக்ஸ் பாட்டில்களைக் கழுவி நன்றாகக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் மெருகிட்ட வெள்ளித் தகட்டுத் துண்டு ஒன்றை நைலான் நூலில் தொங்கவிட்டேன். ஒன்றில் ரப்பர் பேண்டு, ஒன்றில் டப்பாவிலிருந்து பிய்த்த ஸ்பாஞ்சு, ஒன்றில் அட்டை, ஒன்றில் ரோஸ் தாள், கடைசி பாட்டில் வெறுமனே. எல்லாவற்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மூடியை மெழுகு வைத்து அடைத்து, மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குள் வைத்தேன். சேலத்துச் சித்திரை வெயிலுக்கு அடுப்பே வேண்டாம். ரப்பர் பேண்டு பாட்டிலில் ஒரு வாரத்தில் தகடு பழுப்பாகி, மூன்றாவது வாரம் முழுக்கக் கறுத்தது, இத்தனைக்கும் தகடு ரப்பரைத் தொடவே இல்லை. ஸ்பாஞ்சு பாட்டிலில் திட்டுத் திட்டாக மஞ்சள், அட்டையில் லேசாக. ரோஸ் தாளிலும் வெறும் பாட்டிலிலும் ஒரு மாதம் ஆகியும் ஒன்றும் இல்லை. ராத்திரி ஒரு சூடு, பகலில் ஒரு சூடு என்று மாறும் கொட்டகையில் செய்ததை ஆய்வகச் சோதனை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பது அதிலேயே தெரிகிறது.

கறுப்பு என்று பேச்செடுத்தாலே எல்லோரும் கோட்டிங் போடச் சொல்கிறார்கள். சரி, போடலாம்தான். குத்துவிளக்கு, சாமி கவசம், பரிசுத் தட்டு மாதிரி ஓரிடத்தில் இருக்கும் பொருளுக்கு லாக்கர் என்ற வார்னிஷ் மாதிரிப் பூச்சு நன்றாகவே தாங்கும். கொலுசு அப்படியா? காலை எடுத்து வைக்கும் ஒவ்வொரு தடவையும் வளையத்தோடு வளையம் உரசுகிறது, உரசும் இடத்தில் லாக்கர் முதலில் போய்விடும், அப்புறம் அங்கே மட்டும் புள்ளி புள்ளியாகக் கறுத்து முன்னைவிட அசிங்கமாக இருக்கும். அறுந்த கொலுசைப் பற்றவைக்க வந்தால் லாக்கரை எரித்துவிட்டுத்தான் பொடி வைக்க முடியும், அந்தப் புகையைச் சுவாசிப்பது நாங்கள். ரோடியம் முலாம் கெட்டியானது, ஆனால் அந்த விலையைக் கொலுசு தாங்காது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் வால்டர்ஸ் கலை அருங்காட்சியகமும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து, வெள்ளியின் மேல் அலுமினியம் ஆக்சைடை அணு அடுக்காகப் படியவைத்து, கண்ணுக்கே தெரியாத படலமாக மூடிப் பார்த்திருக்கிறார்கள். அருமையான வேலை, ஆனால் அது அலமாரிக்குள் இருக்கும் பழம்பொருளுக்கு.

எனக்கு மனசில் நின்றது அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் செய்த பிளாஸ்டிக் உறைதான். பிளாஸ்டிக்குக்குள்ளேயே செம்பைக் கலந்துவிட்டார்கள், உள்ளே வரும் கந்தகத்தைச் செம்பு முதலில் இழுத்துக்கொள்ளும், வெள்ளி தப்பித்துவிடும். நமக்கு ஏற்றது இந்த மாதிரி வழிதான் என்று நினைக்கிறேன்: பொருளைத் தொடாமல், அது இருக்கும் இடத்தைச் சரிசெய்வது.

கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கறுத்த கொலுசைப் பாலிஷ் போட்டால் வெள்ளி தேயும், அமில மருந்தில் முக்கினாலும் கொஞ்சம் போகும். அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீரும் சமையல் சோடாவும் போட்டு, கொலுசு தாளைத் தொடுகிற மாதிரி வைத்தால், கந்தகம் அலுமினியத்துக்குப் போய் வெள்ளி வெள்ளியாகவே திரும்பிவிடும். அழுகிய முட்டை நாற்றம் வரும், அது கந்தகம் வெளியேறுவதுதான், ஜன்னலைத் திறந்து வையுங்கள். மீனா வேலை (வண்ண எனாமல்), கல் பதித்தது, வேண்டுமென்றே கருப்பு ஏற்றிய ஆன்டிக் மாடல் இவற்றை மட்டும் இதில் போடாதீர்கள்.

இப்போது என் கோரிக்கை. சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் துறை இருக்கிறது, பெரியார் பல்கலைக்கழகத்தில் வேதியியல் இருக்கிறது, முலாம் பூசுவதிலும் துருப்பிடிப்பதிலும் ஆராய்ச்சி செய்யவே காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் விற்கிற டப்பா, ஸ்பாஞ்சு, வெல்வெட், ஒட்டும் பசை, கவர் எல்லாவற்றையும் வாங்கி அந்த 28 நாள் சோதனையைச் செய்து, எது தேறும், எது தேறாது என்று ஒரு பட்டியல் போட்டால் போதும். மாணவர்கள் கடைசி வருட புராஜெக்டாகவே செய்துவிடலாம், பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். பட்டியல் வந்தால் உங்கள் பத்திரிகை அதை வெளியிட வேண்டும், டப்பா செய்பவர்களும் அதைப் பார்த்து மாற்றிக்கொள்வார்கள்.

13 ஜோடியைச் சோடாவில் போட்டு வெளுத்துவிட்டேன். ஒரு ஜோடியை மட்டும் அந்த ரப்பர் கோட்டோடு கண்ணாடி டப்பாவில் அப்படியே வைத்திருக்கிறேன். சோதனை செய்ய யார் வந்தாலும் ஐந்து பாட்டில்களோடு சேர்த்து அதையும் எடுத்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
கொலுசுத் தொழிலாளி,
சிவதாபுரம், சேலம்.