கோல்கீப்பர் யார் என்று முதலில் முடிவாகட்டும்

ஹாரிஸ்பர்க்
அக்டோபர் 2025

அன்புள்ள சேது,

உன் மின்னஞ்சல் வந்து ஒரு வாரம் ஆகிறது. உடனே எழுத உட்கார்ந்தேன், பாதியில் அம்மாவின் முழங்கால் வலி பற்றி மதுரையிலிருந்து தம்பி கூப்பிட்டான், அப்புறம் வேலை, அப்படியே நின்றுவிட்டது. அம்மா இப்போது பரவாயில்லை, அறுவை சிகிச்சை வேண்டாம், உடற்பயிற்சி செய்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உன் புது வீட்டுப் படங்களைப் பார்த்தோம். பால் காய்ச்சின அன்று எடுத்த படத்தில் உன் அப்பா முகத்தில் இருந்த சந்தோஷத்தை நாங்கள் இரண்டு பேரும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். மாடியில் அந்தச் சின்ன அறையை உனக்கென்று வைத்துக்கொண்டது நல்லது, சனிக்கிழமை காலை நாலரை மணிக்கு எழுந்து ஆட்டம் பார்க்கிற ஆளுக்குத் தனியாக ஓர் அறை வேண்டும்தான்.

சரி, நம் பென் ஸ்டேட் கல்லூரியின் ஐஸ் ஹாக்கி அணிக்கு வருகிறேன். "இவ்வளவு பெரிய பெயர்களைச் சேர்த்துவிட்டு இப்படி ஆடுகிறார்களே, மெக்கென்னா என்னடா பண்றான்" என்று எழுதியிருக்கிறாய். உன் கோபம் புரிகிறது. ஆனால் கோபப்பட வேண்டிய இடம் அது இல்லை என்பதுதான் என் எண்ணம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பையனைப் பற்றி. கேவின் மெக்கென்னாவுக்கு இன்னும் பதினெட்டு வயது முடியவில்லை, டிசம்பரில்தான் முடிகிறது. போன வருடம் மெடிசின் ஹாட் டைகர்ஸ் அணிக்கு 56 ஆட்டங்களில், கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து, 129 புள்ளிகள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இங்கேயும் ஆட்டத்துக்கு இரண்டு புள்ளி வரும் என்று நாம் எல்லோரும் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டோம், அதுதான் தப்பு. கனடாவின் ஜூனியர் லீக்கில் எதிரே நிற்பவன் பதினாறிலிருந்து இருபது வயதுக்குள் இருக்கிற பையன். கல்லூரி ஹாக்கியில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது ஆட்கள், நாலு வருடம் எடை தூக்கி உடம்பை இறுக்கி வைத்திருப்பவர்கள், பலகையோரம் சாய்த்து அழுத்தினால் பக்கை, அந்த ரப்பர் வட்டை, காலடியிலிருந்து எடுக்கவே முடியாது. அங்கே பக்கை வாங்கித் தலை நிமிர்ந்து பார்க்க ஒரு நொடி கிடைத்தது, இங்கே அதில் பாதிகூட இல்லை. அங்கே ஒரு பருவத்துக்கு 68 ஆட்டம், ஒரு நாள் சொதப்பினால் நாளை மறுநாள் இன்னொன்று இருக்கிறது. இங்கே 34 மட்டும்தான், வெள்ளி, சனி இரண்டு ஆட்டம், பிறகு ஐந்து நாள் பயிற்சி. அந்தத் தாளத்துக்குப் பழகவே தீபாவளி தாண்டிவிடும்.

நீ ஊருக்குப் போனபிறகு விதிகள் எவ்வளவு மாறிவிட்டன என்பதையும் சேர்த்துப் பார். நாம் படித்த காலத்தில் கனடா ஜூனியர் லீக்கில் ஒரே ஓர் ஆட்டம் ஆடினாலும் கல்லூரிக் கதவு மூடிவிடும், அவர்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் கணக்கில் வைத்திருந்தார்கள். 2024 நவம்பரில் அந்தத் தடையை எடுத்தார்கள், இந்த ஆகஸ்ட் 1 முதல் நடைமுறை. இது அதற்குப் பிறகு வரும் முதல் பருவம். மெக்கென்னா ஒருவன் மட்டுமல்ல, டிரை சிட்டி ஜூனியர் அணியிலிருந்து ஜாக்சன் ஸ்மித் வந்திருக்கிறான், தொழில்முறை லீக்கான என்.எச்.எல்லின் வீரர் தேர்வில் கொலம்பஸ் அணி முதல் சுற்றில் 14ஆவதாக எடுத்த டிஃபென்ஸ்காரன். நல்ல உயரம், நல்ல கால்கள். இத்தனை பேர் ஒரே கோடையில் வந்து இறங்கினால் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு என்ன ஆகும்? அணியில் மொத்தம் 26 பேர்தான் இருக்கலாம் என்பதும் இந்த வருடம் வந்த வரம்பு, அதில் ஏறத்தாழ இருபது பேர்தான் ஓர் இரவில் களத்தில் இறங்க முடியும். போன ஏப்ரலில் செயின்ட் லூயிஸில் நடந்த இறுதி நான்கு வரை அணியைத் தூக்கிக்கொண்டு போன ஆட்கள் சிலருக்கு இப்போது மூன்றாவது, நான்காவது லைனில், அதாவது சேர்ந்து இறங்கும் முன்வரிசை மூவர் குழுவில், இடம். அவர்கள் முகம் சுளிக்காமல் ஆடுகிறார்களா என்பதைத்தான் நான் ஒவ்வொரு ஷிஃப்டிலும் கவனிக்கிறேன். இதுவரை பார்த்ததில் சுளிக்கவில்லை, அது எனக்குப் பெரிய ஆறுதல்.

இப்போது லைன்கள். ஏய்டன் ஃபிங்கையும் மெக்கென்னாவையும் ஒன்றாகவே வைக்க வேண்டும் என்கிறாய். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஃபிங்க் போன வருடம் 53 புள்ளி எடுத்தான், இந்தக் கல்லூரியில் ஒரே பருவத்தில் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. என்.எச்.எல்லின் நாஷ்வில் அணி அவனுக்காகக் காத்திருந்தும் கையெழுத்துப் போடாமல் இன்னொரு வருடம் இங்கேயே இருக்கிறேன் என்று திரும்பி வந்தவன். இரண்டு பேரும் பக்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டு விளையாட விரும்புகிறவர்கள். ஐந்துக்கு ஐந்து ஆடும்போது இரண்டு பேரையும் ஒரே லைனில் போட்டால் எதிரணி தன் நல்ல டிஃபென்ஸ் ஜோடியை அந்த ஒரு லைனுக்கு எதிராக இறக்கிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடும். பிரித்துப் போட்டால் இரண்டாவது ஜோடி யாரிடமாவது மாட்டியே ஆக வேண்டும். எதிரணியில் ஆள் குறைகிற பவர் பிளேயில் சேர்த்துக்கொள்ளட்டும், அங்கே இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. நடுவில் ஆட செராட்டோ மாதிரி பின்னால் ஓடி வருகிற ஆள் ஒருவன் மெக்கென்னாவுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும், அவன் செய்கிற தவறுகள் கோலாக மாறாது.

அக்டோபரில் லைன்களைக் கலைத்துக் கலைத்துப் போட்டுப் பார்ப்பதைப் பற்றி நீ கேலியாக எழுதியிருந்தாய். கலைத்துப் பார்க்க வேறு மாதமே கிடையாது, சேது. நம் லீக்கான பிக் டென் ஆட்டங்கள் வந்துவிட்டால் ஒவ்வொரு வாரமும் மிச்சிகன், மின்னசோட்டா, மிச்சிகன் ஸ்டேட் என்று வரிசையாக வருவார்கள், அங்கே பரிசோதனை செய்ய முடியாது. ஆனால் இதற்கு ஒரு விலையும் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் தேசியப் போட்டிக்குப் பதினாறு அணிகளைத் தேர்ந்தெடுக்கும்போது அக்டோபர் ஆட்டமும் பிப்ரவரி ஆட்டமும் ஒரே கணக்கில்தான் சேரும். லீக் சாம்பியன்களுக்கு ஆறு இடம் போனால் மிச்சம் பத்துதான். இப்போது ஒரு சின்ன அணியிடம் கவனக்குறைவாகத் தோற்றால் மார்ச்சில் அந்த ஓட்டை தெரியும். எனவே கலைத்துப் பார்க்கலாம், ஆனால் பின்வரிசையில் கை வைக்கக் கூடாது.

இங்கேதான் என் உண்மையான கவலை. உன் மின்னஞ்சலில் மெக்கென்னாவைப் பற்றி ஒன்பது வரி, கோல்கீப்பரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. பயிற்சியாளர் கய் கடோவ்ஸ்கியின் அணி எப்போதும் போல நிறைய ஷாட் அடிக்கும், அது நமக்குத் தெரிந்ததுதான், நாம் மாணவர்களாக இருந்தபோதே எங்கிருந்து வாய்ப்புக் கிடைத்தாலும் வலையை நோக்கி அடி என்பதுதான் அவருடைய பாடம். அந்த ஆட்ட முறையில் இந்தப் பக்கமும் கதவு திறந்துதான் இருக்கும், வேகமாகத் திரும்பி வருகிற தாக்குதலைத் தடுக்க நம்பகமான ஒருவர் வலையில் நின்றால்தான் அது செல்லும். போன வருடம் அந்த ஒருவர் செர்கேயெவ். அவர் என்.எச்.எல்லின் கால்கரி அணியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு போய்விட்டார். இப்போது ஒமாஹா கல்லூரியிலிருந்து மாறி வந்த ரைட்லரும், கியூபெக் லீக்கிலிருந்து வந்த ஃபிளெமிங்கும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் நல்லவர்கள். ஆனால் இவர்தான் நம் ஆள் என்ற தெளிவு இன்னும் வரவில்லை என்று எனக்குப் படுகிறது, வலையில் யார் நிற்கிறார் என்பது நிச்சயமாகாதபோது முன்னால் நிற்கிற டிஃபென்ஸ்காரன் தானே ஷாட்டைத் தடுக்கக் குனிகிறான், பக்கை வெளியே எடுக்க வேண்டிய நேரத்தில் தயங்குகிறான். மெக்கென்னாவின் புள்ளிகள் தானாக வரும். இது தானாக வராது.

போன வருடத்தை நினைத்துப் பார். பிக் டென்னில் முதல் ஒன்பது ஆட்டங்களில் ஒரு வெற்றி கூட இல்லை, எட்டுத் தோல்வி, ஒரு டை. செர்கேயெவ் அடிபட்டு வெளியே இருந்த வாரங்கள் அதில் வந்தன. நீ அப்போது எனக்கு அனுப்பின குரல் செய்தியை இன்னும் வைத்திருக்கிறேன், இந்தப் பருவம் முடிந்தது, இனி காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாய். அதே முன்வரிசைதான், அதே ஃபிங்க், அதே டிமார்சிகோ. செர்கேயெவ் திரும்பி வந்தார், புது வருடம் பிறந்ததும் வேறு அணியாக ஆடினார்கள். லீக் காலிறுதியில் மிச்சிகனை அவர்கள் அரங்கிலேயே இரண்டு ஆட்டத்திலும் வென்றார்கள். அப்புறம் ஆலன்டவுனில் தேசியப் போட்டி. ஹாரிஸ்பர்க்கிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் என்பதால் நான் இரண்டு நாளும் போனேன். முதல் நாள் ஹாக்கி ஈஸ்ட் லீக்கின் சாம்பியனான மெயின் பல்கலைக்கழகத்தை 5-1 என்று வென்றதையே என்னால் நம்ப முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை யூகான், கனெக்டிகட் பல்கலைக்கழகம். செர்கேயெவின் பழைய கல்லூரி, அவர் அங்கிருந்துதான் நம்மிடம் வந்தார். 2-2 என்று கூடுதல் நேரத்துக்குப் போனபோது பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், யாரென்றே தெரியாது. மாட் டிமார்சிகோ கோல் அடித்தபோது நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்று அழுதுகொண்டிருந்தோம். முதல் முறையாக இறுதி நான்கு. செயின்ட் லூயிஸில் பாஸ்டன் யூனிவர்சிட்டியிடம் 3-1 என்று தோற்றோம், அது வலித்தது, ஆனாலும் அந்த மூன்று மாதத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாம் பார்த்த அந்த அணியையும் நினைத்துக்கொள்கிறேன். முதல் வருடம் கிரீன்பெர்க்கின் அந்தச் சின்ன அரங்கில் ஜாக்கெட்டைக் கழற்றாமல் நின்று பார்த்தோமே. 2013 அக்டோபர் 11 அன்று பெகுலா அரங்கம் திறந்தபோது ஆர்மியை வென்ற இரவில் மாணவர்கள் நிற்கிற ரோர் ஸோனில் உன் தொண்டை கட்டிப்போய் மறுநாள் ஆய்வுக்கூடத்தில் எழுதிக் காட்டித்தான் பேசினாய். அந்தப் பருவம் முழுவதிலும் எட்டே வெற்றி. லீக்கில் கடைசி இடம். ஆனால் மார்ச்சில் அதே அணி லீக் போட்டியில் மிச்சிகனை இரண்டாவது கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்றது. பார்க் அவென்யூ பக்கம் நம் அறையில், தரையில் உட்கார்ந்து, உன் லேப்டாப்பில் படம் நின்று நின்று வந்தது. அன்றைக்கும் வென்று கொடுத்தது முதலில் கோல்கீப்பர்தான்.

அதனால் நீ மெக்கென்னாவைத் திட்டும்போது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. வைட்ஹார்ஸிலிருந்து கிளம்பி வந்த பதினேழு வயதுப் பையன், ஒவ்வொரு ஷிஃப்டையும் முப்பது என்.எச்.எல் தேர்வாளர்கள் குறிப்பெடுக்கிறார்கள், அடுத்த ஜூனில் முதல் ஆளாக எடுப்பார்கள் என்று பேசுகிறார்கள். நம்மோடு இருக்கப்போவது பெரும்பாலும் இந்த ஒரு குளிர்காலம்தான். அரிசோனாவின் டெம்பியில் இந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தை வென்ற இரவில் அவன் கொடுத்த பாஸ்களைத் திரும்பப் போட்டுப் பார், பக்கைப் பார்க்காமலே அது எங்கே போக வேண்டும் என்று தெரிந்து அனுப்புகிறான். பக்கைத் தொலைத்தபின் திரும்பி ஓடுவதில் சுணக்கம் இருக்கிறது, நீ சொன்னது சரிதான், அதை நானும் பார்த்தேன். அது பயிற்சியில் வரக்கூடியது.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். எட்டு வயதாகிவிட்டது, இந்த செப்டம்பரில் ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்த்தோம். முதல் வாரம் சுவரை விட்டு வரவே இல்லை. இப்போது தானாக ஒரு சுற்றுப் போகிறாள், விழுந்தால் எழுந்துவிடுகிறாள். இந்த மாதம் பெகுலாவுக்கு அழைத்துப் போனேன், ஆட்டத்தைவிட இடைவேளையில் பனியைச் சமன்படுத்துகிற ஸாம்போனி வண்டிதான் பிடித்திருந்தது, திரும்பும் வழியில் க்ரீமரியில் ஐஸ்கிரீம் கேட்டாள், அந்தக் குளிரிலும் வாங்கிக் கொடுத்தேன்.

இன்னொன்று. ஜனவரி 31 அன்று பீவர் ஸ்டேடியத்தில், நம் ஃபுட்பால் மைதானத்தில், திறந்த வெளியில் மிச்சிகன் ஸ்டேட்டோடு ஆட்டம். லட்சம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய இடத்தில் ஹாக்கி. உன் கம்பெனி வேலையாக ஜனவரி கடைசியில் நியூ ஜெர்சி வர வேண்டியிருக்கும் என்று ஜூலையில் எழுதியிருந்தாய், அது உறுதியானால் உடனே சொல், எனக்கும் உனக்கும் டிக்கெட் எடுத்துவிடுகிறேன். ஃபிலடெல்ஃபியாவுக்கு விமானம் பிடித்தால் நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். நல்ல கம்பளி உள்ளாடை கொண்டு வா, கோயம்புத்தூர் ஸ்வெட்டர் அங்கே தாங்காது.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
முரளி