கஜானா காலி

அன்புள்ள வசந்தா,

பொங்கல் வாழ்த்துக்கே நான் இன்னும் பதில் போடவில்லை, தெரியும். திட்டாதே. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மாப்பிள்ளை துபாயிலிருந்து வந்து போனார், ராஜி வழக்கம்போல யாரோடும் பேசுவதில்லை. செய்தி அவ்வளவுதான். இப்போது சண்டைக்கு வருகிறேன்.

'எந்தப் பேரரசும் 250 வருடத்துக்கு மேல் நிற்காது, சுகபோகம் வந்தால் அழிவுதான்' என்று ஒன்றை பார்வர்டு செய்தாயே, அதில் ரோமை கி.பி. 180இலேயே முடித்துவிட்டார்கள், கவனித்தாயா? சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸ் இறந்த வருடம் அது. அதற்கப்புறம் பேரரசின் மேற்குப் பாதியில் 476 வரை சக்கரவர்த்திகள் இருந்தார்கள், கிழக்குப் பாதியின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) 1453 வரை. கணக்கு உதைத்தால் மீதியைத் தள்ளிவிடுகிற வித்தை நம் ஹெட் கிளார்க்குக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். சரி, சுகபோகம்தான் காரணமென்றால் கிழக்குப் பாதி எப்படிப் பிழைத்தது? கான்ஸ்டான்டிநோபிளில் என்ன, கூழா குடித்தார்கள்?

முப்பது வருடம் கருவூலத்தில் சம்பள பில் பாஸ் பண்ணியவளாகச் சொல்கிறேன், ரோம் விழுந்தது 439இல். அந்த வருடம் அக்டோபரில் வாண்டல்கள் என்ற ஜெர்மானியக் கூட்டத்தின் அரசன் கெய்செரிக், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரைப் பிடித்தான். பத்து வருடம் முன்பு ஸ்பெயினிலிருந்து கடல் தாண்டி வந்த கூட்டம் அது. இன்றைய துனிசியாவும் அதையொட்டிய பகுதியும்தான் மேற்கு ரோமின் பணப்பெட்டி: கோதுமை, ஆலிவ் எண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலாக நிலவரி. எகிப்தின் தானியம் ஏற்கெனவே கிழக்குத் தலைநகருக்குத் திரும்பியிருந்தது, ஆப்பிரிக்காவும் போனால் மிச்சம் என்ன? ஐந்தே வருடத்தில் மேற்கின் சக்கரவர்த்தி மூன்றாம் வாலெண்டினியன் ஒரு சட்டம் போடுகிறான்: பழைய படைக்கே சோறும் துணியும் கொடுக்க வரி போதவில்லை, அதனால் இனி விற்கிற பொருளுக்கெல்லாம் இருபத்துநான்கில் ஒரு பங்கு வரி, வாங்குபவர் பாதி, விற்பவர் பாதி. ஜி.எஸ்.டி.யைத் திட்டுகிற உன் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டு.

மீட்கப் பார்க்காமல் இல்லை. 468இல் கிழக்கும் மேற்கும் சேர்ந்து பெரிய கப்பற்படை அனுப்பின. கெய்செரிக் தீப்பிடித்த படகுகளைக் காற்றோடு அதன்மேல் ஏவிவிட்டான். அத்தோடு போயிற்று.

யூகிப்பியஸ் என்ற துறவி எழுதிவைத்த ஒரு விஷயம் மட்டும் மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. டான்யூப் கரையில் பட்டாவிஸ், இன்றைய ஜெர்மனியின் பசாவ். அரசுச் சம்பளம் நின்றதும் எல்லைப் படைகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன, பட்டாவிஸ் படை மட்டும் இருந்தது. அதில் சிலர் தோழர்களுக்கான கடைசிச் சம்பளத்தை வாங்கி வரலாமென்று இத்தாலிக்குக் கிளம்பினார்கள். வழியிலேயே கொல்லப்பட்டார்கள். ஊரில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. ஆறுதான் உடல்களைக் கொண்டுவந்து கரையில் போட்டது. பேரரசு இருக்கிறதென்று நம்பி சம்பளம் கேட்கப் போனவர்கள், வசந்தா. மார்ச் மாதக் கடைசியில் கவுண்டர் முன்னால் பில்லோடு நிற்பவர்களின் முகம் நினைவு வருகிறது.

இத்தாலியில் இருந்த சிப்பாய்களோ 476இல் காசு வேண்டாம், நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடு என்றார்கள். அரசு மறுத்ததும் அவர்கள் தலைவன் ஒடோவாக்கர், சக்கரவர்த்தியாக இருந்த சிறுவன் ரோமுலஸைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கிவிட்டு, நேப்பிள்ஸ் பக்கம் ஒரு மாளிகைக்கு அனுப்பினான். வருடத்துக்கு 6,000 பொற்காசு பென்ஷனோடு! மருத்துவப்படி உண்டா என்று தெரியவில்லை.

உன் அரியர் பில் என்னாயிற்று? பாஸ் ஆகியிருந்தால் அடுத்த மாதம் நீதான் இங்கே வர வேண்டும், ராஜியையும் இழுத்துக்கொண்டு. அந்த பார்வர்டை மட்டும் இன்னொரு தடவை அனுப்பாதே.

உன்,
கல்யாணி