வாய்ப் புற்றுநோயும் வலிக் குளிசையும்

ஆசிரியருக்கு,

அழற்சியைத் தணிக்கும் மருந்துகள் வாய்ப் புற்றுக் கலங்களின் வளர்ச்சியைக் குறைக்கக்கூடும் என்று படித்துவிட்டு, வன்னியில் எவரும் புரூபன் என்ற வலிக் குளிசையை வாங்கி விழுங்கத் தொடங்கிவிடக் கூடாது. இக்கலங்களில் பல கொக்ஸ்-2 என்ற நொதியத்தை மிகையாக ஆக்குகின்றன. அதனால் பெருகும் புரொஸ்டகிளான்டின் ஈ2 என்ற இரசாயனப் பொருள் கலப்பிரிவையும் புதுக் குருதிக் குழாய்கள் உருவாவதையும் தூண்டுகிறது. புரூபன் போன்ற மருந்து அந்த நொதியத்தைத் தடுக்கிறது. ஆனால் ஆய்வுகூடத் தட்டில் வளரும் கலம் வேறு, மனித வாய் வேறு.

இக்குளிசைகள் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் இருக்கும் நிலையில் இது சின்ன விடயமல்ல. டெங்கு என்றால் இரத்தக்கசிவைக் கூட்டும். பெரிய கேடு இன்னொன்று: நோவு அடங்கிவிடும், புண் வளர்ந்துகொண்டே இருக்கும்.

வெற்றிலையோடு புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றை உண்டாக்கும். வெற்றிலை அடக்கும் கொடுப்பு, நாக்கின் ஓரம், நாக்கடி மூன்றையும் கண்ணாடியில், நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புப் படலம், 2 வாரத்தில் ஆறாத புண், மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நெடுக்காக வைக்க முடியாதபடி இறுகிய வாய், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அரச வைத்தியசாலைப் பற்சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சிறு துண்டு வெட்டிச் சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

வாசகர்கள்,
கிளிநொச்சி